நெடுந்தீவிலே கற்ற பாடம்

குறிகட்டுவான் இறங்குதுறையிலே காலை வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு அவ்விடத்தின் ஆரவாரம் நன்கு தெரிந்திருக்கும். நயினாதீவுக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஒரு புறம். நெடுந்தீவுக்குச் செல்லும் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள், அரிசி மூடைகள், கோழிக்கூடுகள் யாவும் மறுபுறம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், மாணாக்கர் மூவரும், ஒரு முக்காலியும், இரண்டு கைத்தொலைபேசிகளுமாக நாமும் அக்கூட்டத்தினிடையே நின்றுகொண்டிருந்தோம். திரைப்படம் பிடிக்கவா செல்கிறோம் என்று படகுத் தொழிலாளி ஒருவர் வினவினார். அரை நிமிடப் படம் ஒன்று பிடிக்கச் செல்கின்றோம் என்றோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"அரை நிமிசத்துக்கோ இவ்வளவு சனம்?" என்றார்.

அவருடைய கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

ஒரு மாணவனின் வினா

வகுப்பிலே ஒரு நாள் தீவகத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கதியால் வேலியும் பனையோலை வேலியும் எப்படியோ, அப்படியே நெடுந்தீவுக்கு முருகைக்கல் வேலி என்று கூறினோம். சாந்து பூசாமல், கல்லின் மேற் கல்லை அடுக்கியே அவ்வேலிகளைக் கட்டுவர் என்றும் சொன்னோம். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சாந்து இல்லாமல் கல் எப்படிச் சேர் நிற்கும்?" என்று கேட்டான்.

பத்து நிமிடம் விளக்கம் கூறினோம். கரும்பலகையிலே கோடு கீறிக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டிருந்த அம்மாணவன் ஈற்றில், "விளங்கவில்லை, சேர்" என்றான். அவன்மீது குற்றமில்லை. அவ்வேலியைக் கட்டக் கண்டவர்களல்லர் நாம். நூலிலே படித்ததையே ஒப்புவித்தோம். இணையத்திலுள்ள தமிழ் விக்கிப்பீடியாவில் தேடச் சொன்னோம். கட்டி முடிந்த வேலியின் ஒளிப்படங்களே அவன் தேடலில் அகப்பட்டன. கட்டும் விதத்தைக் காட்டும் காட்சி எதுவும் அவனுக்குக் கிட்டவில்லை.

பொருள்களை அகரவரிசையிலே தொகுத்து விளக்கும் பணி எம்மவருக்குப் புதியதன்று. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்கள் 1902 ஆம் ஆண்டிலேயே 'அபிதான கோசம்' என்னும் தொகுப்பை யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். தமிழிலே அத்தகைய நூல்களுள் அது முன்னோடி. 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க காலத்திலிருந்தே கட்டி வளர்த்தோருள் முதன்மையானவர் இ. மயூரநாதன், அவரும் யாழ்ப்பாணத்தவரே. முத்துத்தம்பிப்பிள்ளையிடம் இருந்தவை எழுத்தும் அச்சும் மட்டுமே. இன்று ஒரு கட்டுரையின் அருகிலே அசையும் படத்தையும் வைக்கலாம். இருந்தும் நாம் வைக்காதிருப்பது யார் தவறு?

இந்த எண்ணமே எம்மை முக்காலி தூக்க வைத்தது.

அசையாத நீரைப் படம் பிடித்த கதை

நெடுந்தீவுக்குப் போகுமுன் அண்மையில் ஓரிடத்திலே பயின்றுகொள்வோம் என்று புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்குச் சென்றோம். சுண்ணாம்புப் பாறையிலே அமைந்த அவ்வாழ்கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் அடியில் உவர்நீரும் இருப்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். முக்காலியை நிறுத்தி, மூன்று நிமிடம் முழுமையாகப் பதிவு செய்தோம். திரும்பி வந்து பெருமையுடன் போட்டுக் காட்டினோம்.

நீர் அசையவில்லை. படியும் அசையவில்லை. இரண்டாம் நிமிடத்திலே ஒரு காகம் குறுக்கே பறந்தது.

"சேர், இது போட்டோதானே?" என்றாள் மாணவி ஒருத்தி.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் எமது முதற்பாடம் அதுவே. அசையாத பொருளுக்கு ஒளிப்படம் போதும். அளவையும் ஆண்டையும் எழுத்தே செவ்வனே சொல்லும். எழுத்தாலும் ஒளிப்படத்தாலும் சொல்ல இயலாத ஒன்று, அஃதாவது ஓர் அசைவோ, ஓர் ஒலியோ, ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் ஒரு செய்முறையோ இருக்கும்போதே காணொளி வேண்டும். அதுவும் குறுகியதாக இருத்தல் வேண்டும். கலைக்களஞ்சியத்தைத் திறப்பவர் பொழுது போக்க வருபவரல்லர். பத்து விநாடி முதல் ஒரு நிமிடத்துக்குள் அவருடைய ஐயம் தீர்தல் வேண்டும்.

சினிமாவின் பிறப்பையே எண்ணிப் பாருங்கள். 1895 ஆம் ஆண்டு மார்கழி 28 ஆம் நாள் பாரிஸ் மாநகரிலே லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐம்பது விநாடிகளே ஓடின. தொழிற்சாலை வாயிலின் முன்னே கருவியை அசையாது நிறுத்தி, தொழிலாளர் வெளியேறுவதை ஒரே காட்சியாகப் பிடித்தனர். கருவி நின்றது, உலகம் அசைந்தது. இன்று எமது கையிலுள்ள கருவியோ ஒரு கணமும் நிற்பதில்லை. இடமும் வலமும் வீசுகின்றோம், அண்மையாக்கிச் சேய்மையாக்குகின்றோம், பார்ப்பவருக்குத் தலை சுற்றுகின்றது.

கடலும் காற்றும்

பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை வழியாகப் புங்குடுதீவை ஊடறுத்துக் குறிகட்டுவானை அடைய பஸ் வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகின்றது. இரு மருங்கும் ஆழமற்ற கடல், அதிலே நீர்ப்பறவைகள், சேற்றிலே நாட்டிய தடிகளும் வலைகளும். இறங்குதுறைத் தேநீர்க் கடையருகே மாணாக்கர் தாமாகவே ஒரு காட்சியைப் பதிவு செய்தனர். மூடைகளைப் படகில் ஏற்றும் அழகு அதிலே நன்றாக விழுந்திருந்தது. ஆனால் கடையின் வானொலியில் ஒலித்த சினிமாப் பாட்டும் முழுமையாக விழுந்திருந்தது. அப்பாட்டு பிறருக்கு உரிமையானது. விக்கிப்பீடியாவுக்கு வேண்டிய படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகமோ எவரும் தடையின்றிப் பயன்படுத்தக் கூடியவற்றையே ஏற்கும். ஆகவே ஒலியை அறவே நீக்கினாலன்றி அக்காட்சி பயன்படாது என்றோம். பிள்ளைகளின் முகம் வாடிற்று.

படகுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகக் காற்று அன்று சற்றுக் கடுமையாகவே வீசியது. படகின் அணியத்திலே நின்று பிடித்த காட்சியைக் கேட்டபோது காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் செவியில் விழவில்லை. ஒலிவாங்கித் துளையின் மேல் சிறு பஞ்சுத் துண்டு ஒன்றை ஒட்டுவதும், காற்றுக்கு முதுகைக் காட்டி உடம்பையே மறைப்பாக்கிக்கொள்வதும் அன்று கற்ற சிறு உபாயங்கள்.

நெடுந்தீவில் இறங்கியதும் கண்ணைக் கவர்வன கல்வேலிகளே. நரைத்த முருகைக்கற்கள், மார்பளவு உயரத்தில், பனைகளினூடே வளைந்தும் நெளிந்தும் செல்கின்றன. ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, உள்ளே ஆட்கள் புகுந்து நிற்கத்தக்க பொந்துடைய பெருக்குமரம், கோட்டையின் சிதைவுகள் ஆகியவற்றையும் கண்டோம். நிலாவரைப் பாடம் நினைவிலிருந்தமையால் அவற்றை ஒளிப்படமாக மட்டும் எடுத்தோம்.

தீவின் புல்வெளியிலே ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவரப்பட்டுப் பெருகிய குதிரைகள் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியை நீட்டியபடி அவற்றைத் துரத்தினான். குதிரைகள் ஓடின, அவனும் ஓடினான், படத்திலே வானமும் புல்லும் அவனுடைய செருப்புமே தெரிந்தன. பிறகு ஒரு பனையடியில் முக்காலியை நிறுத்திவிட்டு அனைவரும் வாய்மூடி அமர்ந்தோம். இருபது நிமிடம் கழிந்திருக்கும். ஐந்து குதிரைகள் மேய்ந்தபடியே இடமிருந்து வலமாகப் படத்தினுள்ளே நடந்து வந்து, தாமாகவே வெளியே சென்றன. துரத்தியபோது கிட்டாதது காத்திருந்தபோது கிட்டியது.

மாஸ்டர் நல்லாய்க் கதைக்கிறார்

நண்பகலுக்குச் சற்று முன்னரே நாம் தேடி வந்த காட்சி எதிர்ப்பட்டது. மாடு தள்ளிய வேலியொன்றின் இடைவெளியை எண்பதை அணுகிய முதியவர் ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் கூறி, வந்த நோக்கத்தைச் சொன்னோம்.

"என்ரை முகம் என்னத்துக்குத் தம்பி? கையைப் பிடியுங்கோ" என்றார் மாணவனிடம்.

அவர் ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். வேலியில் வைத்தார், எடுத்தார், மறுபுறம் திருப்பி மீண்டும் வைத்தார். நாமோ வானொலி அறிவிப்பாளரைப் போலக் குரலைச் செப்பஞ்செய்து, "இதோ, நெடுந்தீவின் பாரம்பரியக் கல்வேலி உருவாகும் காட்சி" என்று தொடங்கி, முருகைக்கல்லின் வரலாறு முழுவதையும் சொல்லி முடித்தோம். வேண்டியது கிடைத்துவிட்டதெனக் கருதிப் பதிவையும் நிறுத்தினோம்.

முதியவர் நிமிர்ந்து மாணாக்கரைப் பார்த்தார். "மாஸ்டர் நல்லாய்க் கதைக்கிறார்" என்றார். பாராட்டு என்றே எண்ணிக்கொண்டோம்.

வீடு திரும்பி அப்பதிவைக் கணினியிலே பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. கல்லை இறுதியாக இருத்தும் கணத்துக்கு முன்பே நாம் நிறுத்தியிருந்தோம். செவிக்கருவியை மாட்டிக் கேட்ட மாணவி, "சேர், நீங்கள் பேசுகிற இடத்தில் அடியிலே ஏதோ ஒரு சத்தம் வந்து வந்து போகிறது. என்னவென்று தெரியவில்லை" என்றாள். எமது குரலைப் பிரித்தெடுத்து அச்சத்தத்தை மட்டும் மீட்கப் பலவாறு முயன்றோம், இயலவில்லை. வகுப்பிலே விளக்கியும் விளங்காதது போலவே, வேலியடியில் விளக்கியும் விளங்காமற் போயிற்று. பேசிப் பேசியே பிழைப்பவர்க்கு இது எளிதிலே செரிக்கும் உண்மையன்று.

மீண்டும் போவோம் என்று ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தோம். பரீட்சை வந்தது, விடைத்தாள் திருத்தம் வந்தது. புரட்டாதியிலே நெடுந்தீவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வாயிலாக ஒரு செய்தி கிடைத்தது. முதியவர் மாரி மழைக்கு முன் வவுனியாவிலுள்ள மகளின் வீட்டுக்குப் போகின்றாராம், கண்பார்வை குறைந்துவிட்டதாம், திரும்பி வருவது ஐயமாம். அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டோம்.

கல் இருந்த சத்தம்

அவர் வீட்டு முற்றத்திலே அமர்ந்திருந்தார். வேலி அடைபட்டு முழுமையாக நின்றது. இனி எதைப் பிடிப்பது? தயங்கித் தயங்கி எமது பிழையைச் சொன்னோம். அவர் சிரித்தார்.

"அண்டைக்கே சொல்ல நினைச்சனான் மாஸ்டர். நீங்கள் கதைச்சுக்கொண்டு நிண்டால் கல்லுக் கதைக்கிறது எப்பிடிக் கேக்கும்? கல்லு இருந்தால் அது சொல்லும். இருக்காட்டிலும் சொல்லும். எனக்கு இப்ப கண் தெரியாது. காதாலதான் கட்டுறன்."

படத்தின் பயன் குறித்து அவருக்கு எதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. இப்படத்தை எவரும் பார்க்கலாம், படியெடுக்கலாம், எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு விற்கவும் செய்யலாம். பொதுவகத்தின் விதி அது என்றோம். காசு வருமா என்று கேட்டார். எவருக்கும் வராது, எமக்கும் வராது என்றோம். சிறிது நேரம் மௌனமாக இருந்தார்.

"என்ரை அப்பு எனக்குக் காட்டித் தரேக்கை காசு கேக்கேல்லை" என்று கூறி எழுந்தார்.

வேலியின் மூலையிலே தளர்ந்திருந்த ஒரு முழ நீளத்தைத் தாமே பிரித்தார். சேமித்த கருவி நிரம்பவில்லையா, மின்னேற்றம் போதுமா என்று மாணாக்கர் இருமுறை பார்த்துக்கொண்டனர். கைத்தொலைபேசியைக் கிடையாகப் பொருத்தினர். வெளிச்சமும் குவியமும் இடையிலே மாறாதவாறு பூட்டினர். முதலிலே வேலி முழுவதும் தெரியச் சேய்மைக் காட்சி. பின்பு கைகள் இரண்டும் தெரிய இடைக் காட்சி. அதன்பின் கல்லும் விரலும் மட்டும் தெரிய அண்மைக் காட்சி. ஒவ்வொன்றிலும் வேலை தொடங்குமுன் ஐந்து விநாடியும், முடிந்தபின் ஐந்து விநாடியும் விட்டுப் பதிந்தனர். நாமோ எட்டத்திலே ஒரு பனையின் கீழே வாய்பொத்தி நின்றோம்.

கல் வைக்கப்பட்டது. 'கடக்' என்ற வெற்றொலி. எடுத்தார். திருப்பினார். மீண்டும் வெற்றொலி. மீண்டும் எடுத்து, சிறு சில்லொன்றை இடுக்கிலே செருகி, கல்லை இருத்தி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். இம்முறை ஒலி வேறாக இருந்தது. தாழ்ந்து, நிறைந்து, நிலத்தினுள்ளே இறங்குவது போன்ற ஒலி. அவர் அக்கல்லைத் திரும்பிப் பாராமலே அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினார்.

சாந்து இல்லாமல் கல் எப்படி நிற்கும் என்ற வினாவுக்கு விடை அங்கே இருந்தது. ஒவ்வொரு கல்லும் கீழுள்ள இரண்டின் பொருத்தின் மேலே அமர்கின்றது, இடைவெளியைச் சில்லு நிரப்புகின்றது, பாரமே பசையாகின்றது. சரியாக அமர்ந்ததா என்பதைச் செவி தீர்மானிக்கின்றது. இதில் முற்பகுதியை நூல்கள் சொல்லக்கூடும். பிற்பகுதியை அவர் வாயிலாகவே அறிந்தோம்.

எல்லாம் வெட்டிச் சேர்த்தபோது காணொளி முப்பத்தெட்டு விநாடிகள் வந்தது. அதிலே பின்னணி இசையில்லை. எமது குரலும் இல்லை. கைத்தொலைபேசிகள் வழக்கமாக எம்பி4 என்னும் வடிவிலே சேமிக்கின்றன. அதனைப் பொதுவகம் ஏற்கும் வெப்எம் வடிவுக்கு மாற்றி அனுப்பினோம். இடம், நாள், தொழில், கல்லின் வகை ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாணாக்கரே எழுதினர். விளக்கம் எழுதாத படம் பெயர் எழுதாத ஏட்டுக்கட்டுப் போன்றது. இருந்தும் எவர் கைக்கும் எட்டாது.

மாணாக்கர்க்கு ஒரு சொல்

1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும், மீட்க முடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அந்த இழப்பை எமது மக்கள் மறக்கவில்லை. 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் எஞ்சிய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்துக் காத்து வருகின்றது. ஆனால் எந்தக் காலத்திலும் ஏட்டில் ஏறாத அறிவும் ஒன்று உண்டு. அது கைகளிலும் செவிகளிலும் இருக்கின்றது. அதனை எவரும் எரிக்க வேண்டியதில்லை; அதனையுடையவர் ஊரைவிட்டுப் போனாலே போதும், அது அவ்வூரிலிருந்து அற்றுப் போகின்றது. நெடுந்தீவிலே முட்கம்பியும் சீமெந்துச் சுவரும் கல்வேலிகளினிடையே தலைகாட்டத் தொடங்கியிருப்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

உங்கள் ஊரிலும் அத்தகைய கை ஒன்று இருக்கும். ஓலைப்பெட்டி இழைக்கும் பாட்டியின் கையாகவோ, வலை பொத்தும் சம்மாட்டியின் கையாகவோ, மிருதங்கத்துக்குத் தோல் வார்க்கும் கையாகவோ இருக்கலாம். அவரிடம் இணக்கம் கேளுங்கள், படம் எங்கே செல்லும் என்பதை ஒளிக்காமற் சொல்லுங்கள், கருவியை அசையாது நிறுத்துங்கள், நீங்கள் பேசாதிருங்கள். அடுத்த விடுமுறைக்குப் பார்ப்போம் என்று ஒத்திப்போடாதீர்கள். நாம் ஒத்திப்போட்டோம்; ஒரு மாதம் கூடத் தாமதித்திருந்தால் வெறுங்கையுடன் திரும்பியிருப்போம்.

முதியவர் இப்போது வவுனியாவில் இருக்கின்றார். தைப்பொங்கலை அடுத்து அவரைக் காணச் சென்றோம். பேரப்பிள்ளை கைத்தொலைபேசியிலே அக்காணொளியைப் போட்டாள். அவருக்குப் படம் தெளிவாகத் தெரியவில்லை. செவியருகே வைக்கச் சொன்னார். முதற்கல், இரண்டாம் கல் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் மூன்றாவதிலே தலையை அசைத்தார்.

"இருந்திட்டுது" என்றார்.